கரம் போர்ட்டின் மேற்பூச்சு: ஓட்டமாவடி ஓடாவி ஒருவரின் குறிப்பு

கரம் போர்ட் பழுதாவது மரத்தில் அல்ல, மரத்தின் மேலுள்ள மெல்லிய பூச்சில்தான். பலகை நல்ல நிலையில் இருக்கும், சட்டம் ஆடாது, ஆனால் அடிக்கோட்டருகில் வார்னிஷ் உரிந்து, நடுவட்டம் மங்கி, குழிகளுக்குப் போகும் வழியில் கோடுகள் அழிந்து கிடக்கும். அப்படிப்பட்ட போர்ட்டுகளைத் திருத்துவது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை வேலை. மூத்தவாப்பா ஓடாவி, தோணியும் வண்டிலும் செய்தவர். வாப்பா கதவு, ஜன்னல், கட்டில் என்று போனார். இருவருமே இடையிடையே கரம் போர்ட் பார்த்தார்கள். என்னிடம் அதுவே முக்கிய வேலையாகிவிட்டது. இந்த மேற்பூச்சுக்கு எங்கள் ஊரில் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதி வைக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் எண்ணம்.

மட்டக்களப்புக்கு ரயில் பாதை 1928இல் வந்தது. ஓட்டமாவடியில் ஆற்றைக் கடந்த இரும்புப் பாலம் அப்போது ஒன்றுதான். ரயிலும் அதில்தான், வண்டிலும் லொறியும் அதில்தான். கொழும்புச் சாமான்கள் அந்தப் பாதையால் வந்து கடைகளில் இறங்கின. இலங்கையில் கரம் சுற்றுப்போட்டிகள் 1935 அளவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1958க்குள் இந்தியாவிலும் இலங்கையிலும் சங்கங்கள் உருவாகிவிட்டன. சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் அமைந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பொடியன்கள் அளவு விதி வரும்வரை காத்திருக்கவில்லை. கிடைத்த பலகையில் ஆடினார்கள்.

மூத்தவாப்பா செய்த முதல் போர்ட்டுகள் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தவை. காலிக்குப் பக்கத்திலுள்ள கிந்தோட்டையில் 1941இல் அரசாங்கம் ப்ளைவுட் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. யுத்தகாலத்தில் வெளிநாட்டுப் பலகை வருவது கஷ்டமானபோது தேயிலைப் பெட்டிக்காக ஏற்பட்ட ஆலை அது. வெறும் பெட்டிகள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. பெட்டியின் ஒரு பக்கம் இரண்டடிக்கு மேல் வராது. அதனால் ஊரின் பழைய போர்ட்டுகள் சிறியவை. இன்றைய விதிப்படி ஆடும் பரப்பு 74 சென்ரிமீற்றர் சதுரம், பலகை குறைந்தது 8 மில்லிமீற்றர் தடிப்பு. தேயிலைப் பலகை அதைவிட மெல்லியது. கீழே குறுக்குச் சட்டம் அடிக்காவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து, காய்களெல்லாம் நடுவட்டத்துக்கே வந்து நிற்கும். மேற்சட்டத்துக்கு முதிரை போட்டார். அறுக்கக் கடினமான மரம், ஆனால் ஸ்ட்ரைக்கர் முட்டினால் திருப்பி எறியும். அந்த முதிரைச் சட்டங்களில் சில இன்றும் என் கைக்கு வருகின்றன. பலகைதான் மூன்று முறை மாறியிருக்கும்.

கோடுகளைக் கவராயத்தாலும் கோட்டுப் பேனாவாலும் இந்தியன் இங்க் கொண்டு கீறினார். அதற்கு மேல் அரக்குப் பொலிஷ். அரக்குப் பூச்சி மரக்கொப்பில் விடும் பிசினைச் சுத்தம் செய்து சில்லாக்கி விற்பார்கள். அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைப் பருத்தித் துணியில் சுற்றி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பது முறை. இலங்கைக்கு அரக்கு புதிதல்ல. மாத்தளைப் பக்கத்து ஹப்புவிட ஊரில் சிங்களக் கைவினைஞர்கள் அரக்கைச் சூடாக்கி நூல்போல் இழுத்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளிச் சித்திரம் போடுவதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். அதே பிசினின் ஒரு மெல்லிய திரவ வடிவம்தான் எங்கள் போர்ட்டில் இருந்தது.

அரக்குப் பொலிஷின் குணம் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு கை பூசினால் அது பழைய கையைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பத்து வருடம் கழித்தும் மேலே ஒரு பூச்சுப் போட்டால் போதும், முழுதாகச் சுரண்ட வேண்டியதில்லை. குறைகளும் உண்டு. ஸ்பிரிட் கூடினால் மை இழுபடும். தேநீர்க் கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். கரைத்து மாதக்கணக்கில் வைத்த பொலிஷ் பூசினால் ஒட்டிக்கொண்டே இருக்கும், காயாது. வாப்பா போத்தலில் திகதி எழுதி ஒட்டுவார்.

1956இல் எங்களுக்குப் பக்கத்து வாழைச்சேனையில் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது திட்டமிட்ட ஆலைகளில் அதுவும் ஒன்று. வயல் வைக்கோலில் கடதாசி செய்தார்கள். பல ஊர் ஆக்கள் வேலைக்கு வந்தார்கள். வேலை முடிந்தபின் ஆடுவதற்குக் கரம் வேண்டியிருந்தது. வாப்பா தன் கையால் முழு அளவுப் போர்ட் செய்யத் தொடங்கியது அந்தக் கிராக்கியால்தான். அக்காலத்திலேயே தின்னரில் கரையும் லக்கரும் கடைக்கு வந்தது. அரை மணியில் காயும், பளபளப்புக் கூட. ஓடாவிமார் அதற்கு மாறினார்கள்.

லக்கர் எங்கள் மாரிக்கு ஒத்துவரவில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை வாவிப் பக்கத்துக் காற்று தண்ணீரைச் சுமந்துகொண்டே இருக்கும். லக்கரிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு பால்போல் வெளுக்கிறது. 'பூத்துப்போச்சு' என்போம். சித்திரை தாண்டிக் கச்சான் காற்று வீசும்போது ஈரம் போய்விடும், ஆனால் புழுதி வரும். ஆகவே எங்கள் பட்டறையில் மேற்பூச்சு வேலை கச்சான் மாதங்களில், காற்று எழும்பாத விடியற்காலையில் மட்டும். வாப்பா வைத்த இந்த வழக்கத்தை நான் மாற்றவில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தபோது கூரை போன வீடுகளில் நனைந்த போர்ட்டுகள் ஏராளம். பழைய ப்ளைவுட்டின் பசை தண்ணீரைத் தாங்காது. தாள் தாளாகப் பிரிந்தன. பலகை போனாலும் முதிரைச் சட்டங்களை ஆக்கள் எடுத்து வைத்திருந்தார்கள். பிறகு வந்த உள்நாட்டு யுத்த காலத்தில், குறிப்பாக 1990க்குப் பின், மாலையானால் வெளியே போக முடியாத இரவுகள். லாம்பு வெளிச்சத்தில் வீட்டுக்குள் ஆடக்கூடிய ஆட்டம் இதுவாகத்தான் இருந்தது. ஆடி ஆடித் தேய்ந்த போர்ட்டுக்கு லக்கர் வாங்க வழியில்லாத நாட்களில், வாப்பா மறுபடி அரக்குக்கே போனார். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை ஆடும் வழக்கமும் தொடர்ந்து வந்தது. காசு வைத்து ஆடிவிடுவார்களோ என்று பெரியவர்கள் கண்டித்ததும் உண்டு. அந்தக் கண்டிப்பு நியாயமானது. காசு இல்லாமல் ஆடினால் கரம் நல்ல ஆட்டம் என்பதும் நியாயம்தான்.

இதே அச்சம் அமெரிக்காவிலும் இருந்தது. சிகாகோவில் டேவிட் கொட்லீப் 1931இல் 'பஃபிள் போல்' என்ற ஆட்டப்பெட்டியை விற்றார். சரிவான பலகையில் உருண்டை ஓடி ஆணிகளில் பட்டுக் குழியில் விழும். அதன் வழியில் வந்தது பின்போல். 1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற பெட்டியில் உருண்டையைத் தட்டி ஏற்றும் துடுப்புகளைச் சேர்த்தார்கள். சூதாட்டம் என்று சொல்லி நியூயோர்க் நகரம் 1942இலேயே பின்போலைத் தடை செய்திருந்தது. ஒருவர் நகரசபையின் முன் ஆடிக்காட்டி இது கைத்திறன் என்று நிரூபித்த பிறகே, 1976இல், தடை நீங்கியது.

எனக்கு அந்தப் பெட்டியின் மின்சாரத்தில் அக்கறையில்லை, பலகையில்தான் அக்கறை. அதுவும் ப்ளைவுட். மேலே அச்சிட்ட வண்ணப்படம், அதன்மேல் மெல்லிய லக்கர். 80 கிராம் எடையுள்ள இரும்பு உருண்டை நாள்முழுக்க ஒரே தடத்தில் ஓடினால் படம் மரம்வரை தேய்ந்துவிடும். தேயும் இடத்தில் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். பிறகு அதை உரிக்கும்போது படமும் கூட வந்தது. எங்கள் ஊரில் அடிக்கோட்டின் மேல் செலோடேப் ஒட்டியவர்களுக்கு இந்தக் கதை தெரிந்த கதை. 1990 அளவில் வில்லியம்ஸ் கம்பனி இறுகிய கடினப் பூச்சுக்கு மாறியது. இன்று பழைய பெட்டிகளைத் திருத்துகிறவர்கள் பலகையை முதலில் சுத்தம் செய்து, எழும்பி நிற்கும் மரநாரை அடக்கி, பள்ளங்களைத் தெளிபூச்சால் நிரப்பி, அழிந்த படத்தை மட்டும் தொட்டு வரைந்து, அதன்மேல் வாகனங்களுக்குப் போடும் இரு கலவைக் கிளியரை அடிக்கிறார்கள். காய்ந்தபின் வாட்டர் பேப்பரால் மட்டமாகத் தேய்த்து, கண்ணாடிபோல் மினுக்கி முடிப்பார்கள். பழைய படத்தை அழித்துப் புதிதாக அச்சிடாமல், இருப்பதைப் பூட்டி வைக்கும் இந்த முறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அதை அப்படியே கரம் போர்ட்டில் செய்தால் போர்ட் கெட்டுவிடும். பின்போலில் உருண்டை உருளுகிறது. கரமில் காய் வழுக்குகிறது. உருளும் பொருளுக்குக் கண்ணாடிப் பரப்பு உதவும். தட்டையான காயும் கண்ணாடிப் பரப்பும் சேர்ந்தால், எங்கள் ஈரக் காற்றில் இரண்டும் பிடித்துக்கொள்ளும். காய் வழுக்கத் தூவும் போரிக் பவுடர் மினுக்கிய கிளியரில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும். சர்வதேச விதியில் நல்ல போர்ட்டுக்கு ஒரு சோதனை உண்டு: அடிக்கோட்டிலிருந்து முழுப் பலத்தோடு அடித்த ஸ்ட்ரைக்கர் பலகையைக் குறைந்தது மூன்றரைத் தடவை கடக்க வேண்டும். மெல்லிய அரக்குப் பூச்சோடு வரும் வாப்பாவின் போர்ட்டுகள் அந்தச் சோதனையில் தேறுகின்றன. வாகனப் பட்டறையில் தடிப்பாகக் கிளியர் அடித்துக் கொண்டுவரும் போர்ட்டுகள் பல தேறுவதில்லை. அவற்றைத் தேய்த்து இறக்கும்போது கோடுகளையும் இழக்க நேர்கிறது.

2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் எங்கள் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ ஒற்றையர் சம்பியனானபோது, ஓட்டமாவடியில் பழைய போர்ட்டுகள் சுவரோரத்திலிருந்து இறங்கின. 2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டபோது இன்னும் நிறைய இறங்கின. என் பட்டறை அன்று போல் நிறைந்ததில்லை.

என் முறை இது. முதலில் காய்ந்த துணியாலும் தூரிகையாலும் பழைய பவுடரை எடுப்பேன், தண்ணீர் தொடமாட்டேன். மெழுகோ சிலிக்கன் பொலிஷோ பூசியிருந்தால் மினரல் ஸ்பிரிட்டால் துடைத்தெடுப்பேன், இல்லையென்றால் புதுப் பூச்சு மீன்கண் போல் வட்டம் வட்டமாக விலகும். நேர்ச்சட்டம் வைத்துத் தொய்வு பார்ப்பேன். அழிந்த கோட்டை மட்டும் கீறுவேன். அதன்மேல் அரக்கு, மெல்லியதாக, பல கை. கடைசியில் நுண்ணிய வாட்டர் பேப்பரால் பளபளப்பை அடக்குவேன். கிளியர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் அடியில் அரக்கு பூசித்தான் கொடுக்கிறேன். மெழுகு நீக்கிய அரக்கென்றால் கிளியர் அதில் நன்றாகப் பிடிக்கும்.

உங்கள் வீட்டில் பழைய போர்ட் இருந்தால் மழைக்குப் போடாதீர்கள், விறகுக்குக் கொடுக்காதீர்கள். பட்டறைக்குக் கொடுக்குமுன் கோடுகளை அளந்து எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பூசுகிறவரிடம் மெல்லியதாக, மங்கலாக வேண்டும் என்று சொல்லுங்கள். இரு கலவைக் கிளியரின் ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கும் தம்பிமார் அதற்குரிய முகமூடியை வாங்கிப் போடுங்கள்.