பொருள்நோக்கு வடிவமைப்புக்கான நிரல்மொழித் தேர்வு

மென்பொருளைப் பொருள்களாகப் பகுத்து வடிவமைக்கும்போது, அந்தப் பகுப்பு நிரலிலும் குலையாமல் நிற்கும்படி மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒத்த பொருள்களுக்கு அச்சான இனக்குழு, தரவை உள்ளே மறைக்கும் உறைபொதியாக்கம், ஓர் இனக்குழுவின் பண்புகளை மற்றொன்று பெறும் மரபுரிமம், ஒரே கட்டளைக்குப் பொருளுக்கேற்பச் செயல்படும் பல்லுருவாக்கம் ஆகிய நான்கையும் மொழியே தாங்க வேண்டும். சி மொழியிலும் முயன்றால் இவற்றை அமைக்கலாம். ஆனால் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நிரலர் தலையில் விழும்.

தோற்றமும் மரபுகளும்

1960களில் ஆஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா 67 மொழியை உருவாக்கினர். நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் பாவனை செய்து பார்க்கும் தேவையிலிருந்து பிறந்த அம்மொழியில் இனக்குழுவும் துணை இனக்குழுவும் முதன்முதலாக இடம்பெற்றன. இதற்காக இருவருக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. 1970களில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர் ஸ்மால்டாக்கை உருவாக்கினர். அதில் எண்ணும் ஒரு பொருளே. பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி வேலை செய்யும்.

1979இல் பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் சிமுலாவின் இனக்குழுவைச் சி மொழியோடு இணைக்கத் தொடங்கினார். 1983இல் அது சி++ எனப் பெயர் பெற்றது. 1995இல் ஜாவா வெளிவந்தது. சிமுலா வழிவந்த இவை தரவினப் பிழைகளைப் பெரும்பாலும் தொகுக்கும்போதே பிடித்துவிடும். ஸ்மால்டாக் வழிவந்த ரூபி ஓடும்போதுதான் பிடிக்கும். பைத்தானும் (1991) அவ்வாறே. பலர் சேர்ந்து எழுதும் பெரிய பணிக்கு முதல்வகையே ஏற்றது.

அளவுகோல்

மொழி வடிவமைப்புக்கு எவ்வளவு துணைநிற்கிறது என்று பார்க்க, மும்பை லோக்கல் ரயில்களுக்கான அறிவிப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். 'ரயில்' இனக்குழுவுக்கு சில நிலையங்களில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட், எல்லாவற்றிலும் நிற்கும் ஸ்லோ என இரு துணை இனக்குழுக்கள். கல்யாண் நிலையத்தில் தடம் கசாராவுக்கும் கர்ஜத்துக்குமாகப் பிரிகிறது. தடத்தையும் மரபுரிமத்தில் சேர்த்தால் இனக்குழுக்கள் பெருகிக்கொண்டே போகும். தடத்தைத் தனிப் பொருளாக்கி ரயிலுக்குள் வைப்பதே முறை. சி++, பைத்தான் இரண்டும் ஓர் இனக்குழுவுக்குப் பல தாய் இனக்குழுக்களை வைக்கும் பல்வழி மரபுரிமத்தை அனுமதிக்கின்றன. ஜாவாவில் ஓர் இனக்குழுவுக்கு ஒரே தாய் இனக்குழுதான். தடம் போன்றவற்றைத் தனிப் பொருளாக்கத் தூண்டுவதால் இந்தக் கட்டுப்பாடு நல்ல வடிவமைப்புக்குத் துணையாகிறது.

கல்வியில்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்புக்குச் சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். பவாயிலுள்ள ஐஐடி மும்பையின் பேராசிரியர் அபிராம் ரானடே, சி++ கற்கும் தொடக்க நிலையினருக்காகச் சிம்பிள்சிபிபி என்னும் நிரலகத்தை உருவாக்கினார். அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் சி++, ஜாவா பாடங்களைத் தமிழிலும் தருகிறது.

இன்று

எனினும், மேலே சொன்ன நான்கில் ஒன்றான இனக்குழு மரபுரிமம் இல்லாமலே கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் புழக்கத்தில் உள்ளன.