டெங்குவும் இரத்த நாளங்களின் உட்படலமும்: காய்ச்சல் தணியும் நாளில் கவனம் தேவைப்படுவது ஏன்?

இரத்த நாளங்களின் உட்படலம் என்பது யாது?

நம் உடலிலுள்ள இரத்த நாளங்கள் அனைத்தின் உட்புறத்தையும் ஒரே அடுக்காக அமைந்த உயிரணுக்கள் போர்த்தியுள்ளன. இவை எண்டோதீலிய உயிரணுக்கள் எனப்படும். இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவை நாளங்களுக்குள் தக்கவைப்பதும், தேவையானவற்றை மட்டும் திசுக்களுக்கு அனுப்புவதும் இவற்றின் முதன்மைப் பணிகளாகும்.

அழற்சிச் செய்திகள் வரும்போது என்ன நிகழ்கிறது?

கிருமி உடலில் நுழைந்தவுடன் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. இவை உட்படல உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் பொருந்தியதும் அவ்வுயிரணுக்கள் மூன்று வகைகளில் மாறுகின்றன. முதலாவதாக, அடுத்தடுத்த உயிரணுக்களைப் பிணைத்துள்ள இணைப்புகள் தளர்கின்றன. இரண்டாவதாக, வெள்ளையணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்கள் மேற்பரப்பில் தோன்றுகின்றன. மூன்றாவதாக, இரத்தம் உறைவதைத் தூண்டும் தன்மை கூடுகிறது.

காயம்பட்ட விரல் சிவந்து வீங்குவதற்கு இந்த மாற்றங்களும் காரணமாகும். ஓரிடத்தில் மட்டும் நிகழும்போது இது உடலைக் காக்கும் செயல். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் அதுவே ஆபத்தாகிறது.

டெங்குவில் இதன் விளைவு என்ன?

டெங்கு நோயாளிகள் சிலருக்குச் சைட்டோகைன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. டெங்கு வைரஸின் புரதம் ஒன்றும் உட்படலத்தின் மேலுள்ள மெல்லிய காப்புப் பூச்சைச் சிதைக்கிறது. இவற்றால் பிளாஸ்மா நாளங்களிலிருந்து கசிந்து, நுரையீரலைச் சூழ்ந்த இடத்திலும் வயிற்றறையிலும் தேங்கலாம். நாளங்களுக்குள் நீர்ப்பகுதி குறைவதால் இரத்தம் அடர்த்தியாகிறது. கசிவு மிகுந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலை ஏற்படும்.

இக்கசிவு பெரும்பாலும் நோயின் 3 முதல் 7 ஆம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்குகிறது. எனவே, காய்ச்சல் விட்டதை மட்டும் கொண்டு நோய் நீங்கிவிட்டதாகக் கருத வேண்டாம். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் நோயாளியை உன்னிப்பாகக் கவனிக்கவும்.

தட்டணுக்களின் எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. கசிவின் அளவை அறிய ஹெமடோக்ரிட் என்னும் இரத்த அடர்த்திப் பரிசோதனை தேவை. தட்டணுக்கள் விரைந்து குறையும்போது ஹெமடோக்ரிட் உயர்வதும் எச்சரிக்கையாகும். நோயாளியின் வழக்கமான அளவைவிட அது 20 சதவீதமோ அதற்கு மேலோ உயர்ந்தால், குறிப்பிடத்தக்க கசிவு உள்ளதெனப் பொருள். ஆகவே மருத்துவர் கூறும் இடைவெளியில் மறுபரிசோதனை செய்துகொள்ளவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கடுமையான அல்லது தொடர்ச்சியான வயிற்றுவலி
• தொடர் வாந்தி
• பல் ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தக்கசிவு; கறுப்பு நிற மலம்
• மிகுந்த சோர்வு, அமைதியின்மை, குழப்பம்
• கை கால்கள் சில்லிடுதல், மூச்சுத்திணறல்
• 4 முதல் 6 மணி நேரம் சிறுநீர் கழிக்காமை

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

வீட்டில் செய்ய வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை

உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவும். சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் நீராகாரத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறியவும். காய்ச்சலுக்கு மருத்துவர் குறிப்பிட்ட அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கவும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை இரத்தக்கசிவை அதிகரிக்கக்கூடும், அவற்றைத் தவிர்க்கவும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொண்டு வருபவர்கள் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரை அணுகவும்.

குணமடையும் கட்டம்

டெங்குவில் உட்படல உயிரணுக்கள் பெருமளவில் அழிவதில்லை. அவற்றின் இணைப்புகளே தளர்கின்றன. அழற்சி தணிந்ததும் அவை மீண்டும் இறுகி, வெளியேறிய நீர் அடுத்த 2 அல்லது 3 நாள்களில் இரத்தத்திற்குத் திரும்புகிறது. இக்கட்டத்தில் நரம்பு வழியே கூடுதலாகத் திரவம் செலுத்தினால் நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆதலால், குளுக்கோஸ் ஏற்றுமாறு நீங்களாக வற்புறுத்த வேண்டாம். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.