பரத்பூரில் ஒரு கல்வெட்டு

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் ஆக்ரா, மதுரா, பிருந்தாவனம் என்று அழைத்துப் போய்க் காட்டுவது தில்லியில் வாழும் நம் எல்லோர் வீட்டு வழக்கம். மதுராவிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பரத்பூருக்கு மட்டும் யாரும் போவதில்லை. "பறவையைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு டிசம்பரில் மைத்துனர் பிடிவாதம் பிடித்ததால் குடும்பத்தோடு போனேன்.

கேவலாதேவ் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். உள்ளே இருக்கும் சிவன் கோயிலின் பெயரே பூங்காவுக்கும் பெயர். இது இயற்கையாக அமைந்த ஏரி என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜாட் மன்னர் சூரஜ்மல் கட்டிய அஜான் அணையின் நீரைப் பின்னாளில் கரைகளும் மதகுகளும் கட்டித் தேக்கி, வாத்து வேட்டைக்கென்றே பரத்பூர் அரசர்கள் உண்டாக்கிய நீர்நிலை இது.

கோயிலருகே வரிசையாகக் கற்பலகைகள் நிற்கின்றன. நம்மூர்க் கல்வெட்டில் மன்னர் கொடுத்த தானம் இருக்கும். இங்கே தேதி, விருந்தினர் பெயர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, விழுந்த பறவைகளின் எண்ணிக்கை. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள்! 1956ல் இது சரணாலயம் ஆயிற்று. சாலிம் அலி அதற்காகப் பாடுபட்டவர். ஆனாலும் மன்னர் குடும்பத்துக்குச் சுடும் உரிமை 1972 வரை நீடித்தது.

வேட்டை நின்றதோடு கதை முடியவில்லை. தேசியப் பூங்கா என்று ஆனதும், 1982 நவம்பரில் எருமைகள் மேயத் தடை வந்தது. காலங்காலமாக அங்கே மேய்த்துவந்த கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தார்கள். மாடு வந்தால் பறவைக்குக் கெடுதல் என்பதே அன்றைய எண்ணம். அதே 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய நீண்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: எருமை மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிவிட்டது, அதனால் பறவைகளுக்கே இடைஞ்சல். பிறகு கிராமத்தார் புல் அறுத்துப்போக அனுமதி கொடுத்தார்கள். போன உயிர் போனதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வேடந்தாங்கல் நினைவு வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவ்வூர் மக்கள், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை நிறுத்தச் சொல்லி செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாயிற்றே! அங்கே ஊராரே காவலர். பரத்பூரில் ஊராரை வெளியே நிறுத்திவிட்டுக் காவல் போட்டார்கள்.

தண்ணீருக்கும் வழக்குத்தான். கம்பீர் நதியின் குறுக்கே பாஞ்சனா அணை வந்தபின் பூங்காவுக்கு வரவேண்டிய நீர் குறைந்தது. 2004ல் அணை நீர் எங்களுக்கே வேண்டும் என்று விவசாயிகள் போராடியதில் பூங்கா வறண்டது. பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் குழாயிலிருந்தும் நீர் கொண்டுவந்தார்கள். பரத்பூருக்குப் பெயர் வாங்கித் தந்த சைபீரியக் கொக்குகளோ 2001-02 குளிர்காலத்தோடு சரி. வரும் வழியில் வேட்டைக்குப் பலியானதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். அங்கே ரிக்‌ஷாக்காரர்களே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். குளம் நிறைய வாத்துகள் அசையாமல் மிதந்தன. "மாமா, ஏன் ஒண்ணுகூட பறக்க மாட்டேங்குது?" என்று மைத்துனர் பையன் கேட்டான். போட்டோவும் நன்றாக வருமே என்று நான் பலமாகக் கை தட்டினேன். அத்தனையும் எழும்பின. ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "ராத்திரி பூரா இரை தேடிட்டு இப்பத்தான் தூங்குதுங்க, பாபுஜி" என்று இந்தியில் சொன்னார். அவ்வளவுதான். கல்வெட்டைப் பார்த்து அரை மணி நேரங்கூட ஆகியிருக்காது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அடுத்த முறை மதுரா போகும் அன்பர்கள் ஒரு நாள் கூட்டிப் பரத்பூருக்கும் போய்வாருங்கள். குழந்தைகளுக்கு அந்தக் கற்பலகைகளை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். குளக்கரைக்கு வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். கை மட்டும் தட்டாதீர்கள்.