ஆனைமலை ஓணானைத் தேடியவர்

கொச்சியில் தேவரா போன்ற பகுதிகளில் குடியேறி வாழும் தமிழர், சொந்த ஊர் செல்ல இரு வழிகள் உண்டு. புகைவண்டியேறினால் பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையேறாமலே கோவையை அடையலாம். பேருந்தில் சென்றாலோ மூணாற்றின் குளிரைக் கடந்து போடிநாயக்கனூரில் இறங்கலாம். கணவாய்க்குத் தெற்கே, மூணாறு வரையில் பரந்து கிடப்பது ஆனைமலைத் தொடர். அங்கு வாழும் ஓர் அரிய ஓணானின் வரலாறு, அவ்வழியே போய்வரும் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

அதனை உலகுக்கு அறிவித்தவர் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம். 1830இல் பிறந்த இவ்வாங்கிலேயர், 1848இல் சென்னைப் படையிற் சேர்ந்து, பின்னர் வன இலாகாவுக்கு மாறினார். 1860 முதல் 1882 வரை அதன் தலைமைப் பொறுப்பை வகித்தார். தேக்கு முதலிய மரங்களைப் பேணி அரசுக்கு வருவாய் தேடுவது இலாகாவின் நோக்கம். பெட்டோமோ, சந்தையில் விலைபோகாத பெரணிகளையும் பாம்புகளையும் ஓணான்களையும் தேடி மலைமலையாக அலைந்தார்.

இவ்வோணானைக் காண்பது எளிதன்று. சோலையின் விளிம்பில், புல்வெளியை ஒட்டிய புதர்களில், இலையும் பாசியும் கலந்த நிறத்துடன் அசைவற்றிருக்கும். வெயில் எழுந்தாலன்றி வெளிவராது. மூடுபனி சூழ்ந்த மலையில் வெயில் எத்தனை நாழிகை இருக்கும்? 1878இல் இலண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீட்டில் பெட்டோம் இதனை விவரித்து, மலையின் பெயரையே சூட்டினார். 'ஆனமல்லயானா' என்னும் இலத்தீன் பெயருக்குள் நம் ஆனைமலை ஒளிந்திருக்கிறது.

இதன் உறவினமான நீலகிரி ஓணானை 1845இலேயே ஜான் எட்வர்டு கிரே விவரித்திருந்தார். இரண்டும் ஒரே பேரினம்; நீலகிரியும் ஆனைமலையும் இருப்பதோ கணவாயின் இரு பக்கங்களில். குளிருக்குப் பழகிய உயிருக்கு, வெப்பம் மிகுந்த அத்தாழ்நிலம் கடலுக்கு நிகர். புகைவண்டியில் நாம் உறங்கிக்கொண்டே கடக்கும் இடைவெளியை அது கடக்கமாட்டாது.

ஆகவே மலையுச்சியில் புகலிடம் குன்றினால் இவ்வுயிர்கள் வேறெங்கும் குடிபெயர இயலாது. நாம் பெயர்ந்து வந்தவர்கள்; அவற்றுக்கு அவ்வாய்ப்பில்லை. இருந்தும் புல்வெளியைத் தரிசென்று கருதி, நீலகிரியிலும் பழனிமலையிலும் சீகையும் கற்பூர மரமும் நட்டனர். மூணாற்றில் தேயிலை பரவியது. காடழிந்த இடமே புல்வெளி என்று பலர் நம்பியிருந்தனர். நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த முடிவு, அங்குப் புல்வெளி ஏறத்தாழ 20,000 ஆண்டுத் தொன்மையுடையதெனக் காட்டிற்று.

மூணாற்றை அடுத்த இரவிக்குளம் 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வரையாட்டைக் காக்கவே அவ்வேற்பாடு. ஆயினும் அதே 97 சதுர கிலோமீட்டருக்குள் பெட்டோமின் ஓணானும் வாழ்கிறது.