பள்ளிகளில் தனிக் கழிப்பறை: சட்ட வரலாறு

இந்தியப் பள்ளிகளில் மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை இருப்பது சட்டக் கடமை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக் கட்டடத்துக்கு இன்றியமையாதவை என்று அதன் அட்டவணை சொல்பவற்றுள் தனிக் கழிப்பறையும் ஒன்று. பழைய பள்ளிகளுக்கு மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது.

பள்ளிச் சிறுமிகளுக்கு வெகுகாலம் முன்பே இந்த உரிமை உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்துவிட்டது. 1948இன் தொழிற்சாலைச் சட்டமும் 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஆண், பெண் இருபாலருக்கும் தனிக் கழிப்பிடம் கேட்டன. தோட்டச் சட்டம் பள்ளியையும் பேசியது: தொழிலாளர் குடும்பங்களில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்துதரும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. அந்தப் பள்ளியின் கழிப்பறை பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகிய நான்கு மட்டுமே அப்போது அச்சட்டத்தின் பட்டியலில் இருந்தன. ஏலம் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது.  ஏலத்தோட்டத்துக்கு முப்பதாண்டு தாமதமாக வந்த விதி, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வர மேலும் ஏறக்குறைய முப்பதாண்டு ஆயிற்று.

சட்டம் வந்த பிறகும் கட்டடம் வரவில்லை. 2004இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம், தற்காலிகக் கழிப்பறையாவது உடனே அமையுங்கள் என்று 2011 அக்டோபர் 18 அன்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கழிப்பறை இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் பெண்பிள்ளைகளை அனுப்புவதில்லை. ஆகவே கழிப்பறை இல்லாமை அரசமைப்பின் 21அ பிரிவு தரும் கல்வி உரிமையையே மீறுகிறது என்பது நீதிபதிகளின் வாதம். இந்த வரலாற்றில் இதைவிட வலுவான வாதம் இல்லை. 2012 அக்டோபர் 3 தீர்ப்பு ஆறு மாதக் கெடு வைத்தது.

2014 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்த ஓராண்டுத் திட்டத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் எழுந்ததாக அரசு கணக்குக் காட்டியது. இவற்றுள் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியவற்றை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2020இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பார்வையிட்ட 1,967 இருபாலர் பள்ளிகளில் 99இல் பயன்படும் கழிப்பறையே இல்லை. 436இல் ஒன்றே ஒன்று. பார்வையிட்ட கழிப்பறைகளில் 72 விழுக்காட்டில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை குடிநீரைச் சொல்கிறது, கழிப்பறைத் தண்ணீரைச் சொல்லவில்லை. மாதவிடாய்க் காலத்து மாணவிக்கு இது சிறு குறை அல்ல.

இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு விதி எட்டு வயது நிறைந்தோருக்குத் தனிக் கழிப்பறை கேட்கிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுக் கூட்டாட்சி விதி தனி வசதியை அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறை வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று கூறியது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ இரு பாலரை மட்டுமே அறியும். எத்தனை மாணவியருக்கு எத்தனை கழிப்பறை என்ற தேசிய அளவுகோலை வகுக்குமாறு அதே நீதிமன்றம் 2023 ஏப்ரல் 10 அன்று ஒன்றிய அரசைப் பணித்தது.