மாம்பழ கொம்புச்சாவில் லிக்விட் சோப்: கிருமியைக் கொல்வது எது?

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-இல். அன்று முதல் வேலைக்காக பெங்களூருக்கு ரயில் ஏறும் ஊர் அது. அதே மாவட்டத்தின் சீனிவாசபூரோ மாம்பழத்துக்குப் பேர்போனது. 'வீணாகும் பழத்தைப் புளிக்க வெச்சு, கிருமிநாசினி சோப் செஞ்சா என்ன?' என்று யோசிக்கிறீர்களா? பணம் போடும் முன் இதைப் படியுங்கள்.

கொம்புச்சா என்பது என்ன?

சர்க்கரை கலந்த டீயை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து புளிக்க வைக்கும் பானம். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். பாக்டீரியா அதை அசிட்டிக் அமிலமாக்கும். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். பழத்தைப் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில் சேர்ப்பார்கள்.

கிருமியைக் கொல்லுமா?

ஆய்வகத்தில் பல பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. குடிக்கும் அளவிலான கொம்புச்சாவில் இதற்குக் காரணம் அசிட்டிக் அமிலமே என்றது 1998-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. 2000-இல் வெளியான இன்னொரு ஆய்வில், அமிலத்தைச் சமன்படுத்திய பிறகும் ஈ.கோலி, சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற சில கிருமிகள் தடுக்கப்பட்டன. ஆனால், தோலில் புண்ணை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

சோப்பில் கலந்தால்?

சிக்கலே இங்குதான். கொம்புச்சாவின் பி.எச் அளவு சுமார் 3. எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்யும் சோப்புக்கு 9 முதல் 10. இரண்டையும் கலந்தால் அமிலம் சமனாகிவிடும். அதிகம் ஊற்றினால் சோப்பே திரிந்துபோகும். கடை ஹேண்ட்வாஷ் பலவற்றில் இருக்கும் டிடர்ஜென்ட் வகை மூலப்பொருள் அமிலத்தைத் தாங்கும். ஆனால் தோல் எரியாத பி.எச் அளவுக்கு அதைக் கொண்டுவரும்போது, அமிலத்தின் கொல்லும் சக்தி குறைந்துவிடும்.

அப்போ லேப் ரிசல்ட்?

கொம்புச்சா சோப் பற்றி இந்தோனேசியாவில் சில ஆய்வுகள் வந்துள்ளன. பாக்டீரியா வளரும் தட்டில் சோப்பை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது வழக்கமான முறை. இதைப் படிக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: கொம்புச்சா சேர்க்காத அதே சோப்புக்கு எத்தனை மில்லிமீட்டர்? சோப் மூலப்பொருளே வட்டத்தை உண்டாக்கலாம். வித்தியாசம் மட்டும்தான் கொம்புச்சாவின் பங்கு.

வீட்டில் செய்து விற்கலாமா?

மிச்சமிருக்கும் சர்க்கரையும் பழச்சாறும் கிருமிகளுக்குத் தீனி. பதப்படுத்தும் பொருள் சேர்க்காவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே கிருமி பெருகலாம். விற்பனைக்குத் தயாரிக்க அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020-இன் கீழ் உரிமமும் வேண்டும்.

சாதாரண சோப் போதாதா?

போதும். டிரைக்ளோசான் உட்பட 19 பொருட்கள் கலந்த 'ஆன்டிபாக்டீரியல்' சோப்புகளை அமெரிக்க எஃப்.டி.ஏ 2016-இல் தடை செய்தது. வெறும் சோப்பும் தண்ணீரும் தருவதைவிட அவை கூடுதல் பயன் தருவதாகக் கம்பெனிகள் நிரூபிக்கவில்லை. கிருமியைக் கையிலிருந்து பிரித்துக் கழுவித் தள்ளுவதே சோப்பின் முக்கிய வேலை. அதற்கு 20 விநாடியாவது நன்றாகத் தேய்க்க வேண்டும்.

மாம்பழ கொம்புச்சா சோப்பை வாசனைக்காக, வீணாகும் பழத்தைப் பயன்படுத்துவதற்காக விற்கலாம். 'கிருமியைக் கொல்லும்' என்று லேபிளில் போட, முதலில் அந்த வித்தியாசத்தை அளந்து காட்ட வேண்டும்.