மின்தொடு முனைகளின் வரலாறு

மின்சுற்றை மூடித் திறக்கும் உலோக முனைகள் பிரியும்போதெல்லாம் சிறு பொறி எழுந்து, அவ்வுலோகத்தைச் சிறிது சிறிதாக அரிக்கின்றது. செம்பு களிம்பேறும்; வெள்ளியோ கந்தகக் காற்றில் கறுக்கும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்திக் கருவிகளில், விலை மிகுந்ததாயினும், பிளாட்டினத்தை முனைகளில் பதித்தனர்.

உலோகம் சிறந்ததாயினும் தூய்மை குன்றினால் பயனில்லை. 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணிப்பொறியை ஆராய்ந்தோர், ரிலே ஒன்றினுள் அந்துப்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டனர். அதனைக் குறிப்பேட்டில் ஒட்டியும் வைத்தனர். இத்தகைய இடையூற்றிற்கு 1936-லேயே பெல் ஆய்வுக்கூடத்து எல்வுட் வழி கண்டிருந்தார்: முனைகளைக் கண்ணாடிக் குழலில் அடைத்து, தூசியும் வெளிக்காற்றும் அணுகாது காத்தார்.

பெரும் பொறி நம்பத்தக்கதாவது அச்சிறு முனைகளின் தூய்மையாலேயே என்பது என் துணிபு.